வாட்டில் கேட்கும் கேள்விகள்

வயதானவர்களை வைத்தியசாலையில் சேர்த்தால், சில வேளைகளில் வைத்தியர் வந்து நோயோடு சம்பந்தமில்லாதவை போலத் தோன்றும் கேள்விகளைக் கேட்பார். இன்று என்ன கிழமை? இது எந்த இடம்? நான் சொல்லும் மூன்று சொற்களைப் பிறகு திருப்பிச் சொல்வீர்களா? "எங்க அம்மாயிக்குப் பைத்தியம்னு நினைச்சிட்டாங்களா?" என்று சகோதரிகள் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. அப்படியல்ல. ஞாபகமும் கவனமும் எப்படி இருக்கின்றன என்று சில நிமிடங்களில் பார்த்துக்கொள்ளும் சிறு சோதனை அது.

இவற்றில் பெயர்பெற்றது 1975இல் அமெரிக்காவில் போல்ஸ்டீன் தம்பதியினரும் மெக்ஹியூ என்பவரும் வெளியிட்டது. மொத்தம் 30 புள்ளிகள். 24க்குக் குறைந்தால் மேலும் பரிசோதிக்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. அந்த 30ஐக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். 100இலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டு போக 5 புள்ளி. ஒரு வசனம் எழுத 1. எழுதியிருப்பதை வாசித்து அதன்படி செய்ய 1. ஐங்கோணப் படத்தைப் பார்த்து வரைய 1. சிறு வயதிலேயே தோட்டத்தில் பேர் பதிந்து, பென்சில் பிடிக்காமலே கொழுந்து பறித்தும் இறப்பர் பால் வெட்டியும் வாழ்ந்த தாய்க்கு இந்த 8 புள்ளிகளும் போய்விடலாம். மற்ற எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாலும் 22தான். மறதி நோய் இல்லாமலே அவர் நோயாளி போலத் தெரிவார்.

இங்கிலாந்தில் 1972இல் வந்த இன்னொரு சோதனையில் முதலாம் உலகப் போர் எந்த ஆண்டு என்று ஒரு கேள்வி. எங்கள் தாய்மாருக்கு அது எதற்கு? 1981இலும் 1983இலும் நடந்ததைக் கேளுங்கள், அன்று இரவு யார் வீட்டில் ஒளிந்திருந்தோம் என்பது வரை சொல்வார்கள்.

பள்ளிக்கூடம் போகாதவர்களுக்காகச் சோதனையை மாற்றியவர்களும் இருக்கிறார்கள். ஹரியானாவின் பல்லப்கரில் 1995இல் வெளியான ஹிந்தி வடிவத்தில், "கண்ணை மூடு" என்பதை வாசிக்கச் சொல்லாமல், சோதிப்பவர் செய்வதைப் பார்த்துச் செய்யச் சொன்னார்கள். எங்கள் நாட்டு வைத்தியர்களும் சிங்கள வடிவமொன்றைச் சோதித்து 2002இல் வெளியிட்டார்கள். ஆனால் தமிழ் மட்டும் தெரிந்த தாயிடம் சிங்களத்தில் கேட்டால், அங்கே அளக்கப்படுவது ஞாபகம் அல்ல, மொழி.

இதைவிட ஆபத்தான விடயம் ஒன்று உண்டு. காவத்தைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்த ஒரு தாயார், எழுபது தாண்டியவர், வாட்டில் பகலெல்லாம் தூங்கினார். இரவில் இறந்துபோன கணவரைக் கூப்பிட்டார். கேள்விகளுக்குப் பதிலே இல்லை. வயதுக் கோளாறு என்று எல்லோரும் விட்டுவிட்ட நேரத்தில் மருமகள் சொன்னாள்: "போன செவ்வாய்க்கிழமை வரைக்கும் மாமிதானே சீட்டுக் கணக்குப் பார்த்தாங்க." அதன்பிறகுதான் சிறுநீரைச் சோதித்தார்கள். கிருமித் தொற்று. மருந்து கொடுத்துச் சில நாட்களில் கணக்குத் திரும்பி வந்தது.

கிராமத்தில் சன்னி என்பார்கள், வைத்தியர்கள் டெலிரியம் என்பார்கள். மறதி நோய் மாதக்கணக்கில் மெல்ல வருவது. இது சில மணி நேரத்தில், சில நாளில் வருவது. தொற்று, உடலில் நீர் குறைதல், புதிய மருந்து, சத்திரசிகிச்சை, மலச்சிக்கல் கூடக் காரணமாகலாம். பிதற்றினால் கவனிப்பார்கள். பேசாமல் சோர்ந்து கிடந்தால் கவனம் தப்பிவிடும். எடின்பரோவில் உருவான நான்கு பகுதிச் சோதனையொன்றில், நிலைமை திடீரென மாறியதா என்பதற்கே 12இல் 4 புள்ளி. 4 வந்தாலே டெலிரியமாக இருக்கலாம் என்று பார்க்க வேண்டும். அந்தப் பதிலை வீட்டில் கூட இருப்பவர்தான் சொல்ல முடியும்.

ஆகவே கேள்வி கேட்கும் நேரத்தில் நீங்கள் பக்கத்தில் நிற்க அனுமதி கேளுங்கள். மூக்குக்கண்ணாடியைக் கொடுங்கள், காது கேட்காவிட்டால் சொல்லுங்கள். எத்தனையாம் வகுப்பு வரை படித்தார், என்ன மொழி பேசுவார், பிறந்த திகதி அவருக்கு எப்போதாவது தெரியுமா, எந்த நாளிலிருந்து மாறினார் என்பதையும் தாதியிடம் சொல்லுங்கள். பிள்ளையைப் போரில் இழந்தவர், இடம்பெயர்ந்து வந்தவர் எல்லாவற்றுக்கும் "தெரியாது" என்றால், அது துக்கமாகவும் இருக்கலாம். அதையும் வைத்தியர் அறிய வேண்டும். பதிலை மட்டும் நீங்கள் முந்திச் சொல்லாதீர்கள். காய்ச்சல் நேரத்தில் குறைந்த புள்ளி வந்திருந்தால், சுகமானபின் கிளினிக்கில் தமிழில் மறுபடி கேட்கும்படி சொல்லுங்கள்.