சொல்லில்லாப் பாட்டு

பாட்டு என்பது சொல்லும் இசையும் கூடிய ஒன்று. இவ்விரண்டனுள் சொல்லை நீக்கிவிட்டு இசையை மட்டும் ஒரு கருவியில் வைத்து மெல்ல வாசித்தால், எஞ்சி நிற்பது பாட்டாகுமா? அன்றி உயிர் நீங்கிய உடலாகுமா? மாணவர்களே, இவ்வினா இன்று எழுதற்குக் காரணம் உண்டு. மக்கள் அனைவரும் அறிந்த திரைப்பாடல்களையும் பழம்பாடல்களையும் பியானோவில் தனித்து, விரைவின்றி, தாளக் கருவிகளின் முழக்கமும் இன்றி வாசித்த இசைப்பதிவுகள் இந்நாளில் பல இடங்களில் ஒலிக்கின்றன. மருத்துவமனையில் காத்திருப்போர் அவற்றைக் கேட்கின்றனர். உறக்கம் வாராதோர் கேட்கின்றனர். மாணவர் சிலர் பாடம் படிக்கும்போதும் அவற்றை ஒலிக்க விடுகின்றனர். சொல்லே பாட்டின் உயிர். ஆதலின் இது வெற்றொலி என்பர் தமிழ் கற்றோருட் சிலர். இளைப்பாறுதற்கு இசை ஒன்றே போதும்; சொல் எதற்கு என்பர் வேறு சிலர். இவ்விரண்டும் முழு உண்மை ஆகா என்பது என் துணிபு.

முதற்கண் பியானோவின் இயல்பை அறிதல் வேண்டும். ஏறத்தாழ 1700ஆம் ஆண்டில், இத்தாலி நாட்டுப் பிளாரன்சு நகரில், பார்த்தலோமியோ கிறிஸ்தோபோரி என்பவர் இக்கருவியை அமைத்தார். இக்காலப் பியானோவில் வெண்மையும் கருமையுமாக 88 கட்டைகள் உள்ளன. ஒரு கட்டையை விரலால் அழுத்தினால், உள்ளே கம்பளித் துணி போர்த்த சிறு சுத்தியல் ஒன்று எழுந்து கம்பியைத் தட்டும். மெல்ல அழுத்தினால் மெல்லொலி. வன்மையாக அழுத்தினால் வல்லொலி. 'பியானோபோர்ட்டே' என்னும் அதன் முழுப்பெயரே மென்மை, வன்மை என்னும் இரு சொற்களால் ஆயது. காலால் ஒரு மிதியை அழுத்தினால் ஒலி உடனே அடங்காமல் நீண்டு நிற்கும். வலக்கை பாட்டின் மெட்டை எடுத்துச் செல்ல, இடக்கை அதற்கு இசைவான சுரங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தூவிக்கொண்டு வரும். அமைதி தரும் வாசிப்பின் நுட்பம் பெரும்பாலும் இவ்வளவே.

இக்கருவிக்குக் குறையும் உண்டு. வீணையில் கம்பியை இழுத்து, ஒரு சுரத்தினின்று மற்றொன்றிற்குக் குழைந்து செல்லலாம். இக்குழைவே நம் இசைக்கு உயிரான கமகம். பியானோவின் கட்டைகளோ படிக்கட்டுகளைப் போன்றவை. இரண்டு படிகளுக்கு நடுவே நிற்க இடமில்லை. ஆர்மோனியத்திற்கும் இக்குறை உண்டு. அதனாலேயே 1940ஆம் ஆண்டில் வானொலி நிலையத்தார் அதனை விலக்கிவைத்தனர். பல்லாண்டுகள் கழிந்த பின்னரே அத்தடை தளர்ந்தது.

குறையுடைய இக்கருவியிலும் தமிழ்நாட்டார் திறம் காட்டியுள்ளனர். சென்னைச் சிறுவர் லிடியன் நாதசுரம் 2019ஆம் ஆண்டில், தம் 13ஆம் அகவையில், அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் பியானோ வாசித்து முதற்பரிசு பெற்றார். அவர்தம் விரல்களின் விரைவு கண்டு அவையோர் மலைத்தனர். பியானோக் கலைஞர் அனில் சீனிவாசனோ, பாடகர் சிக்கில் குருசரணுடன் இணைந்து, நம் கீர்த்தனைகளுக்குப் பியானோவை மென்மையான துணையாக்கினார். விரலை விரைவாக ஓட்டி வியப்பூட்டுதல் ஒரு திறம். விரலை அடக்கி அமைதி ஊட்டுதல் மற்றொரு திறம். பின்னதை எளிதென்று கருதுதல் கூடாது. சுரங்கள் மிகுதியாக வரும்போது ஒரு பிழை மறைந்துபோம். சுரங்கள் குறைவாக வரும்போது சிறு பிழையும் வெளிப்பட்டு நிற்கும் அன்றோ?

இனி, சொல்லில்லாத இவ்வாசிப்பு நமக்கு ஏன் இனிக்கின்றது என்பதை ஆராய்வோம். காஞ்சிபுரத்தையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் பட்டு நெசவால் உலகம் அறியும். அங்கே நெய்யப்படும் கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நாடாவும் கரைகளுக்கு வேறு நாடாக்களும் ஓடும். இரண்டு நிறங்களும் சேருமிடத்தில் இழையோடு இழை கோத்து நிற்கும். பாட்டும் ஒரு கோர்வை நெசவே. சொல் ஒரு நிறம். மெட்டு மற்றொரு நிறம். பலகால் கேட்டுப் பழகிய பாட்டில் இவை பிரிக்கவொண்ணாதவாறு நம் நினைவில் கோக்கப்பட்டுள்ளன. பியானோக் கலைஞர் மெட்டை மட்டும் வாசிக்கின்றார். கேட்பவர் உள்ளமோ தானே சொல்லை எடுத்துக்கொடுக்கின்றது. வாய் அசையவில்லை; ஆயினும் உள்ளே பாட்டு நிகழ்கின்றது. ஆகவே அப்பாட்டைப் பாடுபவர் நாமே. பிறர் குரல் நம்மை இழுத்துச் செல்லாமையால், நம் குரலில், நம் நினைவுகளோடு அதனைப் பாடிக்கொள்கின்றோம். அறிந்த பாட்டு தரும் இளைப்பாறுதலின் காரணம் இதுவே எனலாம்.

கருவி வாசிப்பவர்க்கும் இவ்வுண்மை பொருந்தும். வீணை கற்கும் மாணவர், பாட்டின் எழுத்துகள் விழும் இடம் அறிந்து கம்பியை மீட்டப் பயில்கின்றனர். வீணை தனம்மாள் (1867–1938) சென்னையில் தம் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வீணை வாசித்தார். அவ்வீணையின் மெல்லொலியைக் கேட்க வந்தோர் அசைவின்றி அமர்ந்திருந்தனர். அவர் பதங்களைப் பாடவும் வல்லவர். அதனால் அவர் விரலும் பொருளறிந்தே மீட்டியது. கடல் கடந்த அமெரிக்காவிலும், சாக்சபோன் கலைஞர் லெஸ்டர் யங் (1909–1959), ஒரு பாட்டை வாசிப்பவர் அதன் சொற்களை அறிந்திருத்தல் வேண்டும் என்னும் கொள்கை உடையவராய் இருந்தார். நாடும் கருவியும் வேறாயினும் உண்மை ஒன்றே.

இத்தொடர்பில் பெரிய புராணம் கூறும் வரலாறு ஒன்று கருதத்தக்கது. திருஞானசம்பந்தர் பாடிய பதிகங்களைத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழில் இட்டு வாசித்து உடன் வந்தார். தருமபுரத்தில் இருந்த அவர்தம் சுற்றத்தார், யாழில் வாசித்தமையாலேயே பதிகங்கள் புகழ் பெற்றன என்றனர். அதனைக் கேட்டு அஞ்சிய பாணர், யாழில் அடங்காத பதிகம் ஒன்றைப் பாடி உண்மையை உணர்த்துமாறு சம்பந்தரை வேண்டினார். அவ்வாறே பாடப்பட்ட பதிகம் யாழில் அடங்கவில்லை. பாணர் நாணி யாழை உடைக்க ஓங்கினார். சம்பந்தர் அதனைத் தடுத்து, கருவியில் அமையும் அளவிற்கு வாசித்தலே தகும் என்று அருளினார். சொல்லோடு கூடிய குரலுக்கு இணையாகக் கருவி நில்லாது என்பது அன்றே தெளிவாயிற்று. எனினும் கருவியை உடைத்துவிடுமாறு அவர் கூறினாரல்லர். சொல்லில்லா இசை வெற்றொலி என்பார்க்கு இவ்வரலாறே தக்க விடையாகும். குழந்தை தாலாட்டின் பொருளை அறியாது, ஆயினும் உறங்குகின்றது. மெட்டிற்கு எனத் தனி ஆற்றல் உண்டு என்பதை எவரே மறுப்பர்?

சொல்லே வேண்டா என்பார்க்கும் ஒன்று கூறுதல் வேண்டும். பிரெஞ்சு நாட்டு இசையமைப்பாளர் எரிக் சாட்டி என்பவர், வீட்டிலுள்ள நாற்காலியையும் மேசையையும் போல, எவர் கவனத்தையும் ஈர்க்காத இசையைச் செய்ய எண்ணினார். 1920ஆம் ஆண்டில் பாரிசு நகரில் நாடக இடைவேளையில் அதனை ஒலிக்கச் செய்து, "பேசுங்கள், நடமாடுங்கள்" என்று அவையோரை வற்புறுத்தினார். அவர்களோ இருக்கைக்குத் திரும்பி அமைதியாகக் கேட்கத் தொடங்கிவிட்டனர்! அற்றைநாளில் செவிக்கு அத்துணை விழிப்பு இருந்தது. இன்றோ நாள் முழுவதும் ஏதேனும் ஓர் இசை ஒலித்துக்கொண்டே இருத்தலின், செவி அதனைக் கேளாதிருக்கப் பழகிவிட்டது. களைத்தவர் இசையால் இளைப்பாறுதல் குற்றமன்று. ஆனால் எப்போதும் பாதிச் செவியால் கேட்பவர் எதனையும் முழுச் செவியால் கேட்கும் ஆற்றலை இழப்பர். அதனினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. மெட்டை மட்டும் அறிந்து சொல்லை அறியாத தலைமுறை ஒன்று வளருமாயின், பியானோ எத்துணை இனிமையாக ஒலிப்பினும் அவர்கள் உள்ளத்தில் சொல் எழாது. நமக்குப் பாட்டாகத் தோன்றுவது அவர்களுக்கு ஒலியாகவே நின்றுவிடும்.

காஞ்சிபுரத்தை அடுத்து, செய்யாற்றின் பாங்கர் அமைந்தது எம் ஊராகிய மாகறல். இவ்வூரைப் பாடிய சம்பந்தர், தம் பதிகத்தின் தொடக்கத்திலேயே, வயலில் உழைக்கும் பெண்டிர் பாடி விளையாடும் ஆரவாரத்தைக் குறிப்பிடுகின்றார். அப்பெண்டிர்க்கும் இசை உழைப்பின் களைப்பைத் தீர்க்கும் மருந்தாகவே இருந்தது. ஆனால் அவர்கள் பிறர் வாசிக்கக் கேட்டு வாளா இருந்தவரல்லர்; தம் வாயாலேயே பாடினர். அவர்களிடம் சொல்லும் இருந்தது, மெட்டும் இருந்தது.

ஆதலின் மாணவர்களே! பியானோ இசையை வெறுக்க வேண்டா, விரும்பிக் கேளுங்கள். ஆனால், கேட்பதற்கு முன் அப்பாட்டின் சொற்களைக் கற்று, பொருளை உணர்ந்து, ஒருமுறையேனும் வாய்விட்டுப் பாடுங்கள். உங்கள் பாட்டியும் தாயும் பாடும் பாடல்களை அவர்கள் வாயிலாகவே கேட்டு ஏட்டில் எழுதிக்கொள்ளுங்கள். படிக்கும் நேரத்தில் படிப்பும், கேட்கும் நேரத்தில் கேள்வியும் நிகழட்டும். பின்னர் ஒரு மாலைப்பொழுதில் அம்மெட்டு பியானோவில் மெல்ல எழும்போது, நீங்கள் கற்ற சொற்கள் தாமே வந்து அதனோடு சேர்வதை உணர்வீர்கள்.