பிழை காணாத தோழன்

பாடசாலையில் நாய்க்கு என்ன வேலை என்று நம்மவர் நகைக்கலாம். நாய் நுழைந்தால் பிரம்பெடுத்து விரட்டுவதன்றோ நம் வழக்கம்! ஆயினும், அமெரிக்க மனோதத்துவ அறிஞர் போரிஸ் லெவின்சன், பிறரோடு ஒட்டாதிருந்த சிறுவனொருவன் தம் நாய் ஜிங்கிள்சுடன் மனமுவந்து பழகியதைக் கண்டார். நாயின் துணைகொண்டு சிறாரைக் குணமாக்குதல் பற்றி 1962இல் கட்டுரையும் வரைந்தார். இன்று மேனாட்டுப் பள்ளிகள் சிலவற்றில், பயிற்சி பெற்ற நாயருகே அமர்ந்து சிறார் உரக்க வாசிக்கின்றனர். நாய் பிழை திருத்தாது, புள்ளி போடாது, அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாது.

இத்தகைய தோழமை நம் வாவிக்கரைக்குப் புதிதன்று. போரால் நொந்த தமிழ், முஸ்லிம் சிறார்க்கென 1996இல் மட்டக்களப்பில் தோன்றிய வண்ணத்துப்பூச்சிச் சமாதானப் பூங்காவில், கதையும் களிமண்ணும் வண்ணமுமே மருந்தாயின.

எனினும், தெருநாயைப் பிடித்து வகுப்பில் கட்டுதல் தகாது. சாந்த குணமும், ஆண்டுதோறும் விசர்நாய்த் தடுப்பூசியும், பொறுப்பாளர் ஒருவரும் இன்றியமையாதன. அஞ்சும் பிள்ளையையும், நாயைத் தொடுதல் மதவழக்கிற்கு ஒவ்வாத பிள்ளையையும் வற்புறுத்தலாகாது.

நாய் கிடைக்காவிடினும் பாதகமில்லை. பாடசாலை விட்டு வரும் பிள்ளையிடம் "எத்தனை புள்ளி?" என வினவுமுன், அதன் பேச்சைச் சற்றே குறுக்கிடாது கேட்டிருப்போம். அது நம்மாலும் இயலும்.