அழுத்தம் ஆற்றல் அன்று

சூப்பர்சார்ஜர் பொருத்திய நான்கு சிலிண்டர் எஞ்சினிலிருந்து கூடுதல் ஆற்றலைப் பெறுவது குறித்து மும்பையில் இரு தரப்பினர் பேசுகின்றனர். இருவரும் தவறாகவே பேசுகின்றனர். சிறிய புல்லி ஒன்றை மாட்டி மென்பொருளைத் திருத்தினால் முப்பது குதிரைத்திறன் இலவசம் என்பது பணிமனைத் தரப்பு. இது பையன்களின் விளையாட்டு, ஆய்வுக்குரிய பொருளன்று என்பது கல்லூரித் தரப்பு. முன்னதன் பிழை எஞ்சினை உடைக்கிறது. பின்னதன் பிழை முன்னதை வாழவைக்கிறது; ஆகவே அதுவே பெரிய பிழை.

எடுத்துக்காட்டுக்கு ஏற்ற வண்டி, இந்தியாவிலும் விற்பனையான மெர்சிடீஸ் பென்ஸ் சி 200 கொம்ப்ரஸர். எஞ்சின் எம் 271. கொள்ளளவு 1,796 கன சென்டிமீட்டர். டபிள்யூ 203 வரிசையில் இதே கொள்ளளவிலிருந்து நிறுவனம் சி 180இல் 143, சி 200இல் 163, சி 230இல் 192 குதிரைத்திறனைத் தந்தது. பணிமனைத் தரப்பு இம்மூன்று எண்களையே சான்றாக நீட்டுகிறது: எல்லாம் ஒரே எஞ்சின், விற்பனைக்காகப் பூட்டி வைத்திருக்கிறார்கள், சாவி நம்மிடம் இருக்கிறது. சோதனை மேடையில் நீண்ட நேரம் ஓட்டிப் பார்த்து, வெப்பத்துக்கும் எரிபொருளுக்கும் இடம் ஒதுக்கிய பிறகு எழுதப்பட்ட எண்ணே 192 என்பதை இந்த வாதம் மறைத்துவிடுகிறது. எண்ணை நகலெடுக்கலாம், அதன் பின்னாலுள்ள சோதனையை நகலெடுக்க முடியாது.

கணக்கு எளிது. மும்பையின் 35 பாகைக் காற்றை, இடைக்குளிர்விப்பான் இல்லாத ரூட்ஸ் வகைச் சூப்பர்சார்ஜர் ஒன்று 1.6 மடங்கு அழுத்துகிறது என்று கொள்க. அதன் திறன் 55 விழுக்காடு எனில், வெளிவரும் காற்று ஏறத்தாழ 115 பாகையில் இருக்கும். புல்லியைச் சிறிதாக்கி 1.8 மடங்குக்கு உயர்த்தினால் 137 பாகை. அழுத்தம் 12.5 விழுக்காடு கூடியது. சிலிண்டருக்குள் சென்ற காற்றின் நிறையோ 6.5 விழுக்காடு மட்டுமே கூடியது. சூப்பர்சார்ஜரைச் சுழற்ற கிராங்க் தண்டிலிருந்து எடுக்கப்படும் ஆற்றல், 1.8 லிட்டர் எஞ்சினில் 6,000 சுழற்சியில், சுமார் 10 கிலோவாட்டிலிருந்து 13 கிலோவாட்டை நெருங்கிவிடுகிறது. 120 கிலோவாட் எஞ்சினில் வரவு எட்டு, செலவு மூன்று. சூடேறிய கலவை தானாக வெடிக்காதிருக்க எரியூட்டும் நேரத்தைப் பின்தள்ளினால், மிச்சமுள்ள ஐந்திலும் ஒரு பகுதி போய்விடும். பின்தள்ளாவிட்டால் போவது பிஸ்டன்.

மெர்சிடீஸில் இடைக்குளிர்விப்பான் உண்டு. அதன் கணக்கு இதைவிட மேலானது என்பது உண்மை. ஆனால் சயானிலிருந்து செம்பூர்வரை நெரிசலில் ஊர்ந்த வண்டியில் அந்தக் குளிர்விப்பானே சூடேறிக் கிடக்கும். அங்கிருந்து ஈஸ்டர்ன் ஃப்ரீவேயில் ஏறி ஆக்ஸிலரேட்டரை முழுதும் மிதிப்பவருக்குக் கிடைப்பது, காலையில் பானட்டைத் திறந்து பெரிய விசிறி வைத்து டைனோவில் எடுத்த எண் அன்று. உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையைக் குறிக்காத டைனோ அறிக்கை விளம்பரத் துண்டுச்சீட்டுக்கு மேல் எதுவுமில்லை.

பிஸ்டனுக்கு என்ன நேர்கிறது என்பதைத் தாராவியின் மறுசுழற்சிப் பட்டறைகளில் அலுமினியக் கழிவை உருக்கி வார்ப்பவர்கள் பல பொறியாளர்களைவிட நன்றாகப் புரிந்துகொள்வார்கள். அலுமினியம் இரும்பைப் போலச் சிவந்து எச்சரிப்பதில்லை. நிறம் மாறாமல் இருந்துவிட்டுத் திடீரெனத் தளர்ந்துபோகும். 12 விழுக்காடு சிலிக்கான் கலந்த பிஸ்டன் உலோகம் 577 பாகையை ஒட்டி உருகத் தொடங்குகிறது. அதன் தலைக்கு மேல் எரியும் வாயுவோ 2,000 பாகையைத் தாண்டியது. பிஸ்டன் பிழைத்திருப்பது, அதன் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் மெல்லிய வாயுப் படலத்தாலும் அடியில் தெறிக்கும் எண்ணெயாலுமே. நாக்கிங் எனப்படும் கட்டற்ற வெடிப்பின் அழுத்த அலைகள் அந்தப் படலத்தைக் கிழித்துவிடுகின்றன. 82 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரில் அவ்வலையின் அதிர்வெண் 7,000 ஹெர்ட்ஸை ஒட்டியது. சூப்பர்சார்ஜரின் ஊளைக்கு நடுவே, உயர் சுழற்சியில், ‘காதால் கேட்டே சரிசெய்துவிடுவேன்’ என்பவரின் திறமையை எவ்வளவு நம்பலாம் என்பதை வாசிப்போரே முடிவு செய்யலாம்.

அடுத்தது எரிபொருள். நிலையத்தில் எழுதியிருக்கும் ஆக்டேன் எண்ணைக் கேடயம்போல் பிடித்துக்கொள்வோர் பலர். அந்த ஆய்வு ஆக்டேன் எண், ஒற்றைச் சிலிண்டர் சோதனை எஞ்சினில், 600 சுழற்சியில், 52 பாகைக் காற்றில் அளக்கப்படுவது. 115 பாகைக் காற்றை விழுங்கும் எஞ்சினுக்கு அது முழு உத்தரவாதம் ஆகாது. இதற்கிடையே 2025இல் நாடு 20 விழுக்காடு எத்தனால் கலப்பை எட்டியது. எத்தனாலின் ஆக்டேன் 108ஐ ஒட்டியது. ஆவியாகும்போது கலவையை நன்கு குளிர்விக்கவும் செய்யும். நாக்கிங்கைப் பொறுத்தவரை இது வரமே. ஆனால் முழு எரிதலுக்குப் பெட்ரோலுக்குத் தேவையான காற்று 14.7 மடங்கு; இக்கலவைக்கு 13.5. அதாவது அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் பீய்ச்சப்பட வேண்டும். பழைய பெட்ரோலுக்கு எழுதிய நிரல், முழு மிதியில் ஆக்ஸிஜன் உணரியின் திருத்தத்தைக் கேளாமல் ஓடுமானால், கலவை வறண்டுபோகும், வெப்பம் ஏறும். எத்தனாலை வைவதிலும் போற்றுவதிலும் காட்டும் ஊக்கத்தில் ஒரு பங்கை இன்ஜெக்டரின் ஓட்டத்தை அளப்பதில் காட்டினால் போதுமானது.

ஆகவே பாதுகாப்பான வரிசை பணிமனை வரிசைக்கு நேர்மாறானது. முதலில் எஞ்சினை உள்ளபடியே அளத்தல், பின் காற்றைக் குளிர்வித்தல், பின் எரிபொருள் வழங்கலை உறுதிசெய்தல், பின்னரே எரியூட்டல். புல்லி கடைசி. சுழற்சி எல்லையைத் தொடவே கூடாது: 6,000த்தை 6,600 ஆக்கினால் கனெக்டிங் ராடின் மீதான நிலைமவிசை 21 விழுக்காடு ஏறும், ஏனெனில் அது சுழற்சியின் இருபடியைப் பின்பற்றுகிறது.

இவை எவையும் இரகசியங்கள் அல்ல. 1887இல் தொடங்கிய வி.ஜே.டி.ஐ. மாட்டுங்காவில் இருக்கிறது. 1933இல் பிறந்த வேதித் தொழில்நுட்ப நிறுவனம் அங்கிருந்து நடந்துசெல்லும் தொலைவில் இருக்கிறது. கிழக்கே செம்பூரின் மாகுலில், 1950களிலிருந்து பெட்ரோல் வடிக்கும் இரு சுத்திகரிப்பு ஆலைகள். எந்திரம், எரிபொருள், வேதியியல் மூன்றும் ஒரே மூலையில் கூடியிருக்கும் நகரங்கள் இந்தியாவில் அதிகமில்லை. மாணவர்களுக்கும் திறமைக் குறைவில்லை: கோவை காரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடந்துவரும் ஃபார்முலா பாரத் போட்டியில், 20 மில்லிமீட்டர் துளைவழியே மட்டும் மூச்சுவிடும் எஞ்சினிலிருந்து ஆற்றலைக் கறப்பவர்கள் அவர்கள். ஆனால் வகுப்புக்குத் திரும்பியதும், அழுத்த விகிதம் உயர்ந்தால் திறன் உயரும் என்ற ஆட்டோ சுழற்சி வாய்பாட்டுக்கு முழு மதிப்பெண். அவ்விகிதத்தை உயர்த்தவிடாமல் தடுக்கும் நாக்கிங்குக்குப் பெரும்பாலும் ஒரு சிறுகுறிப்பு. இப்படிப் படித்தவரே பின்னர் பணிமனையில் புல்லி வாங்குகிறார், அதில் வியப்பேதுமில்லை.

சட்டம் தடுக்கிறதே என்பது கல்லூரித் தரப்பின் கடைசிப் புகலிடம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தம், மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க வழிசெய்கிறது. பொதுச் சாலைக்கு இந்தக் கண்டிப்பு தேவையே. ஆனால் சோதனை மேடையில் போல்ட் இட்டு நிறுத்திய எஞ்சினுக்குப் பதிவெண் கிடையாது. அதன் மீது எந்த வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கும் அதிகாரமில்லை. சட்டம் சாலையைப் பூட்டியிருக்கிறது. ஆய்வகத்தைப் பூட்டியவர்கள் அதற்குள்ளேயே இருக்கிறார்கள்.

விபத்தில் ஒதுக்கப்பட்ட வண்டியொன்றின் எம் 271 எஞ்சினை மேடையேற்றி, இ20இலும் ஸ்பீடு 97இலும், 35 பாகைக் காற்றிலும் 60 பாகைக் காற்றிலும், நாக்கிங் தொடங்கும் எல்லையை வரைபடமாக்குவது ஒரு முதுநிலை ஆய்வேட்டுக்குள் அடங்கும் வேலை. இடையில் பிஸ்டன் உடைந்தால், எந்தச் சுழற்சியில், எந்த வெப்பநிலையில் உடைந்தது என்பதே பதிப்பிக்கத்தக்க முடிவு. அந்த வரைபடம் மராத்தியிலும் இந்தியிலும் தமிழிலும் அச்சாகி, நூலக அலமாரிக்குப் போவதற்கு முன்னால் பணிமனைச் சுவருக்குப் போக வேண்டும்.