தயிரும் மாத்திரையும் கர்ப்பப்பை வாயைக் காக்காது

வயிறு சுத்தமாக இருந்தால் எந்த நோயும் அண்டாது என்பது நம் வீடுகளில் பாட்டி காலத்துப் பேச்சு. இப்போது அதோடு விஞ்ஞானத்தின் பெயரும் சேர்ந்துகொண்டது. குடல் பாக்டீரியாவைச் சரிசெய்தால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்கூட எட்டிப்பார்க்காது என்று துணிந்து சொல்கிறார்கள், அதை நம்பி மாதக்கணக்கில் புரோபயாட்டிக் மாத்திரை வாங்குகிறார்கள். இது வெறும் தவறான நம்பிக்கை அல்ல, ஆளைக் கொல்லும் நம்பிக்கை.

சென்னை ஈக்காட்டுத்தாங்கலில் குடியிருந்து, கிண்டி எஸ்டேட்டுக்குத் தையல் வேலைக்குப் போகும் அக்கா ஒருவர் என்னிடம் சொன்னார்: "வெள்ளை படுதும்மா. உடம்பு சூடுதான். காலையில நீராகாரம், மத்தியானம் தயிர். வயிறு சரியானா எல்லாம் சரியாயிடும்." எப்போதிருந்து என்று கேட்டேன். போன பொங்கலிலிருந்து என்றார். கணவரோடு சேர்ந்த பிறகு ரத்தம் படுவதையும் சொன்னார், குரலைத் தாழ்த்திக்கொண்டு. ரத்தம் பட்ட அன்றே டாக்டரிடம் போயிருக்க வேண்டியவர் அவர்.

நீராகாரத்தை நான் பழிக்கவில்லை. பழைய சோற்றை வைத்துக் குடல் அழற்சி நோய்க்கு ஸ்டான்லி மருத்துவமனையிலேயே ஆய்வு நடந்தது. குடலுக்கு அது நல்லதாகவே இருக்கட்டும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் குடலில் இல்லை. ஏறக்குறைய எல்லா நோயாளிகளிடமும் இருப்பது ஹெச்.பி.வி. என்ற வைரஸ். ஜெர்மனியின் ஹரால்ட் சூர் ஹாசன் 1983-ல் அதன் 16-ஆம் வகையை இந்தப் புற்றுக்கட்டியில் கண்டுபிடித்தார், 2008-ல் நோபல் பரிசு பெற்றார். உடலுறவில் தொற்றும் இந்த வைரஸ், வாழ்நாளில் ஒருமுறையாவது பெரும்பாலானோரிடம் வந்துபோவதுதான். இதில் நடத்தையைப் பற்றிப் பேச ஒன்றுமே இல்லை. பலருக்கு இரண்டு வருடத்துக்குள் தானாகவே போய்விடும். போகாமல் தங்கிவிட்டால், புற்றாக மாறப் பெரும்பாலும் 15, 20 வருடங்கள் எடுத்துக்கொள்ளும். தயிர் சாப்பிட்டு இந்த வைரஸை விரட்டலாம் என்று யாரும் நிரூபித்ததில்லை.

அப்படியானால் பாக்டீரியா ஆராய்ச்சியெல்லாம் பொய்யா? இல்லை. பெண்ணுறுப்பில் லாக்டோபேசில்லஸ் என்ற பாக்டீரியா குறைந்தவர்களிடம் வைரஸ் அதிக நாள் தங்குவதைப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஹூஸ்டன் புற்றுநோய் மையத்தில், குடலில் பலவகைப் பாக்டீரியா இருந்த நோயாளிகளுக்குக் கதிர்வீச்சும் கீமோவும் கூடுதலாகப் பலன் தந்ததாகத் தெரியவந்தது. நல்ல செய்திதான். ஆனால் அந்தப் பெண்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து நோயைக் கண்டறிந்து, சிகிச்சை எடுத்துக்கொண்டவர்கள். அவர்களுடைய செய்தியை எடுத்து, பரிசோதனைக்கே போகாதவர்களிடம் மாத்திரை விற்பது பெரும் பாவம்.

உயிரைக் காப்பது எது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஆதாரம் இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில், 30 முதல் 59 வயதுவரை உள்ள பெண்களுக்கு ஒரு எளிய பரிசோதனை நடத்தினார்கள். நீர்த்த அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் தொட்டு கர்ப்பப்பை வாயில் தடவுவார்கள். வினிகரில் இருக்கும் அதே அமிலம்தான். ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தால், கெட்டுப்போன இடம் வெள்ளையாகத் தெரியும். பயிற்சி பெற்ற நர்ஸ் போதும். வெள்ளையாகத் தெரிந்தவர்களுக்கு உறையவைக்கும் சிகிச்சை. 2007-ல் வெளிவந்த முடிவு, பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட கிராமங்களில் இந்தப் புற்றுநோயால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்ததாகச் சொன்னது.

அந்த ஆய்வு நடந்த இதே மாநிலத்தில், 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுப் பெண்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. 1954-லிருந்து இயங்கும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து கிண்டியைத் தாண்டினால் வந்துவிடும். அப்படியிருந்தும் நாம் மருந்துக்கடை வாசலிலேயே நின்றுவிடுகிறோம்.

அக்கா, தங்கச்சி, 30 வயது தாண்டிவிட்டதா? பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தப் பரிசோதனையைக் கேளுங்கள். ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் கே.கே. நகர் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீட்டில் 9 முதல் 14 வயதுப் பெண் பிள்ளை இருந்தால் ஹெச்.பி.வி. தடுப்பூசி போடுங்கள். உறவுக்குப் பிறகோ, மாதவிலக்கு நின்ற பிறகோ ரத்தம் பட்டால் அடுத்த லீவு வரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.