அவருக்கு ஸ்டைல், எனக்கு மட்டும் மூப்பா?

2011ல் மங்காத்தாவில் அஜித் நரைத்த தலையோடு வந்தார். தியேட்டரே விசிலடித்தது. 'சால்ட் அண்ட் பெப்பர்' என்று அதுக்குப் பேர் வேற! அதே படத்தில் த்ரிஷாவுக்கு நாலு வெள்ளைமுடி காட்டியிருந்தால் அம்மா வேஷம் என்றுதானே நினைத்திருப்போம்?

வெளிநாட்டிலும் இதே கதைதான். கனடாவின் சிடிவி தொலைக்காட்சியில் லிசா லாஃப்ளாம், கிட்டத்தட்ட 35 வருஷ சர்வீஸ். கொரோனா சமயத்தில் பார்லர் போகமுடியாமல் டை அடிப்பதை விட்டார். 2022ல், 58 வயதில், ஒப்பந்தத்தை முடித்து அனுப்பிவிட்டார்கள். 'வியாபார முடிவு' என்றது நிர்வாகம். நரைதான் காரணமோ என்று ஊரே கொதித்தது. வெண்டீஸ் பர்கர் கம்பெனி தன் சின்னமான சிவப்புச் சடைப் பெண்ணுக்கே நரை போட்டுக் காட்டியது :-)

வெளியூரில் பிழைக்கும் நமக்கு இன்னொரு சங்கடம். வருஷத்துக்கு ஒருதரம் ஊருக்குப் போகிறோம். தலையைப் பார்த்ததும் "அங்க ரொம்பக் கஷ்டமோ?" என்பார்கள். மட்டாஞ்சேரியில் நான் நன்றாக இருப்பதற்கு என் முடிதான் சாட்சி சொல்லணுமாம். ஆவணியில் கல்யாணம். "மதினி, டை அடிச்சிட்டு வந்துருங்க, போட்டோவில தெரியும்லா" என்கிறாள் நாத்தனார். அவள் அண்ணனுக்கு என்னைவிட நரை அதிகம். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது அனுபவமாம்!

பி.காம் படித்தவள், கணக்குப் பார்க்காமல் இருப்பேனா? முடி மாசம் ஒரு சென்டிமீட்டர் போல வளரும். மூணு நாலு வாரத்தில் வகிடு வெளுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். திரும்ப அடி, திரும்ப அடி. வட்டி மட்டும் கட்டிக்கொண்டே இருக்கும் கடன், அசல் குறையவே குறையாது. இப்படி ஒரு கடனை என் கவுண்டரில் யாரும் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

கறுப்பு டை பலவற்றில் பிபிடி என்ற ரசாயனம் உண்டு. அமெரிக்காவின் தோல் ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2006ல் அதற்கு 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று பட்டமே கொடுத்தது. "நான் மருதாணிதாங்க போடறேன்" என்கிறீர்களா? வெறும் மருதாணி செம்பட்டைதான் தரும். கறுப்பு வந்தால் உள்ளே அவுரியோ பிபிடியோ இருக்கிறது. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். அடித்தே தீருவேன் என்பவர்கள் 48 மணிநேரம் முன்னாடி காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவிப் பார்த்துவிடுங்கள்.

ஆசைப்பட்டு அடிப்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. பர்கண்டி, நீலம், என்ன வேணும்னாலும் அடிங்க. பெண் என்றால் அடிச்சே ஆகணும் என்கிறார்களே, அவர்களோடுதான் சண்டை. அதையும் 'உன் நல்லதுக்குத்தான்' என்று சொல்லும்போதுதான் எரிகிறது.

வர்ற ரெண்டாம் சனிக்கிழமை பேங்க் லீவு. தோள் வரைக்கும் வெட்டிக்கொள்ளப் போகிறேன். கலர் இருக்கிறபடி இருக்கும்.