பெயர் எழுதப்படாத அறுவர்

விழா மலர் ஒன்றைக் கையில் எடுப்போர் முதலில் தேடுவது பெயர்களையே. அதிபர், ஆசிரியர், விளையாட்டுத் தலைவர் என நிரல்பட அமைந்த பெயர்களிடையே தம் பெயரையோ தோழர் பெயரையோ காணுங்கால் உள்ளம் மகிழ்கின்றது. பெயரை எழுதிவைத்தல் உழைப்புக்கு நாம் கூறும் நன்றியாகும். எழுதாதுவிடின் நேரும் குறை யாதென்பதைக் காட்ட, அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த ஒன்றை ஈண்டுக் கூற விழைகின்றோம்.

இன்று கணினி என்றதும் மாணவர் இயந்திரத்தையே எண்ணுவர். ஆயின், 'கம்பியூட்டர்' என்னும் ஆங்கிலச் சொல் முன்னாளில் கணக்கிடும் மனிதரையே குறித்தது. நம் பழந்தமிழ்க் 'கணியன்' என்பதும் ஆளைக் குறித்த சொல்லன்றோ? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிலடெல்பியா நகரிலுள்ள பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் இத்தகைய கணக்கர் பலர் பணியாற்றினர். அவருட் பெரும்பாலோர் இளம் பெண்கள். பீரங்கிக் குண்டொன்று செல்லும் வழியைக் கணித்தற்கு ஒருவருக்கு 30 மணி நேரத்திற்கு மேலும் செல்வதுண்டு.

அவ்வேலையை விரைவுபடுத்த எழுந்ததே ஏறத்தாழ 18,000 வால்வுகளைக் கொண்ட எனியாக் என்னும் இயந்திரம். அதற்குக் கட்டளை அமைக்க 1945இல் அறுவர் தெரிவுசெய்யப்பட்டனர். கே மக்நல்டி, பெற்றி ஜெனிங்ஸ், பெற்றி சினைடர், மாலின் வெஸ்கொவ், பிரான்சஸ் பிலாஸ், ரூத் லிக்டர்மன் என்போர் அவர். துளையிட்ட அட்டைகளைக் கையாளும் இயந்திரங்களை அவர் முதலிற் பயின்றனர். எனியாக் எண்களை ஏற்றதும் விடைகளை ஈந்ததும் அவ்வட்டைகளின் வாயிலாகவே. கட்டளை அமைக்கும் முறை கூறும் கைந்நூல் அன்று எதுவுமில்லை. மின்சுற்று வரைபடங்களைக் கற்று, கணக்கைச் சிறு படிகளாகப் பகுத்து, ஆளிகளைத் திருப்பியும் வடங்களைப் பொருத்தியும் அவர் பணி முடித்தனர்.

1946 பெப்ரவரி 15இல் அரங்கேற்றம். முதல்நாள் இரவும் ஒரு பிழை தீரவில்லை. குண்டு நிலத்தில் வீழ்ந்த பின்னரும் கணக்கு நில்லாது ஓடியது. மறுநாட் காலை சினைடர் அப்பிழையைக் கண்டு நீக்கினார். அவரும் ஜெனிங்சும் அமைத்த கட்டளையின்படி, குண்டு இலக்கை அடையும் நேரத்தினும் குறைந்த நேரத்தில் அதன் வழியை இயந்திரம் கணித்தது. கண்டோர் வியந்தனர். அன்றிரவு விருந்து நடந்தது; அறுவருள் ஒருவரேனும் அழைக்கப்பட்டிலர். பல்லாண்டுகளின் பின், பழைய படங்களில் இயந்திரத்தருகே நிற்கும் பெண்கள் யாவரென வினவிய ஆய்வாளர் ஒருவருக்கு, காட்சிக்காக நிறுத்தப்பட்டோர் என்ற விடையே கிடைத்தது!

இஃது ஏன் நேர்ந்தது? இயந்திரத்தை ஆக்குதலே அறிவின் வேலை, அதற்குக் கட்டளை இடுதல் எழுதுவினைஞர் வேலை என்று அந்நாள் எண்ணிற்று. எளிய வேலையெனப் பெண்களிடம் விட்டனர். பெண்கள் செய்தமையால் எளிய வேலையென்றே மதித்தனர். அலுவலகங்களில் அட்டைகளைத் துளைத்த மகளிர்க்கும் இதுவே நேர்ந்தது. ஒருவர் துளைத்த எண்களை மற்றொருவர் மீளவும் தட்டிச் சரிபார்ப்பார். அத்துணைக் கவனம் வேண்டிய தொழிலாயிருந்தும் அது வெறும் விரல்வேலை எனப்பட்டது.

இயந்திரத்தை ஆக்கிய மோக்லி, எக்கேட் என்போரின் பெருமையை நாம் குறைத்தோமல்லோம். அவர் இன்றேல் எனியாக் இல்லை. ஆயின், கட்டளை இன்றேல் அது வால்வுகளின் குவியலேயன்றிப் பிறிதில்லை. 1997இலே அவ்வறுவரும் ஒருங்கே கௌரவிக்கப்பட்டனர். அரை நூற்றாண்டு தாழ்த்த நன்றி அது.

மாணவர்க்கு நாம் கூறுவது இது: ஒரு வேலையை, அதைச் செய்வார் யாரென்று நோக்கி அளவாதீர், அதில் எத்துணைச் சிந்தனை செல்கின்றதென்று நோக்கி அளவுங்கள். பழைய மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள். ஆய்வுகூடத்தைப் பேணினோர், நூல்நிலையத்தில் அட்டை எழுதினோர், பரீட்சைத் தாள்களைத் தட்டச்சிட்டோர் நம்மிடையேயும் இருந்தனர். அவர்தம் பெயர்களை நினைவில் வைத்திருப்போர் இன்னும் உளர். அடுத்த மலருக்கு அவற்றை இன்றே எழுதி அனுப்புக.