தோழி இல்லாத வெறியாட்டு: ‘கொட்டுக்காளி’ விவாதங்களுக்கு ஒரு மறுப்பு

முன்னுரை

பி. எஸ். வினோத்ராஜின் இரண்டாவது படமாகிய ‘கொட்டுக்காளி’ 2024 பிப்ரவரியில் பெர்லின் திரைப்பட விழாவின் ஃபோரம் பிரிவில் இடம்பெற்று, அவ்வாண்டு ஆகஸ்ட் 23ஆம் நாள் திரையரங்குகளில் வெளிவந்தது. பின்னணி இசை அறவே இல்லாத, நீண்ட காட்சிகளால் ஆன, முடிவைக் கூறாது நிறுத்திக்கொள்ளும் இப்படம் பார்வையாளரைப் பிளவுபடுத்தியது. “ஒன்றுமே நடக்கவில்லை, ஆட்டோ போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. விழாவுக்கு அனுப்ப வேண்டியதைத் திரையரங்கில் போட்டுவிட்டார்கள்” என்பது ஒரு தரப்பு. “இது உலகத் தரம், மசாலாவுக்குப் பழகிய கூட்டத்துக்கு இது விளங்காது” என்பது மறுதரப்பு. இவ்விரண்டினின்றும் விலகி நிற்பதாகக் கருதிக்கொள்ளும் மூன்றாம் தரப்பு ஒன்றும் உண்டு. அது நம்முடையது, தமிழ்த்துறைகளைச் சார்ந்தது. ‘உள்ளுறை’, ‘இறைச்சி’ என்னும் கலைச்சொற்களைப் படத்தின்மீது பொருத்தி, சேவலுக்கு ஒரு பொருளும் காளைக்கு ஒரு பொருளும் கண்டு நிறைவெய்துவது அது.

இம்மூன்று தரப்பும் தம்முள் முரண்படுவனபோலத் தோன்றினும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றன. மூன்றும் பேசியது பெரும்பாலும் படத்தின் அமைதியைப் பற்றியே. படத்திற்குள் வாய் திறவாதிருப்பவள் யார், எதனால் என்பதை அவை பின்னுக்குத் தள்ளிவிட்டன. அவ்வாறு தள்ளியது தற்செயலன்று என்பதே இக்கட்டுரை முன்வைக்கும் வாதமாகும்.

அமைதி யாருடையது?

‘கொட்டுக்காளி’யை அமைதியான படம் என்பது முதலில் தகவற்பிழை. படம் நெடுகிலும் ஓசைதான். ஷேர் ஆட்டோவின் இரைச்சல், இருசக்கர வாகனங்களின் உறுமல், பெண்களின் முணுமுணுப்பு, ஆண்களின் அதட்டல், வழியில் எதிர்ப்படும் ஒலிபெருக்கி என ஓயாத சத்தத்தினூடேதான் அப்பயணம் நிகழ்கிறது. தொண்டை கட்டி, கழுத்தில் சுண்ணாம்பு பூசிய பாண்டி, கரகரத்துப்போன குரலிலும் ஓயாமல் ஏவுகிறான், திட்டுகிறான். பேசவே இயலாதவன் பேசிக்கொண்டிருக்கிறான். பேச இயன்ற மீனா பேச மறுக்கிறாள். படத்தின் கட்டுமானம் முழுவதும் இந்த எதிர்நிலையில் நிற்கிறது.

மீனா வேற்றுச் சாதி இளைஞன் ஒருவனை விரும்புகிறாள். அவளைப் பாண்டிக்கு மணமுடிக்க எண்ணியிருக்கும் குடும்பம், அவளைப் பேய் பிடித்திருப்பதாகவும் மருந்து வைக்கப்பட்டிருப்பதாகவும் நம்பி, சேவலோடு சாமியாடியிடம் அழைத்துச் செல்கிறது. அவளுடைய மௌனமே நோய்க்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. வழியில் ஒலிக்கும் பாடல் ஒன்றுக்கு அவள் மெல்ல வாயசைத்த நொடியில் பாண்டி பாய்ந்து அவளை அடிக்கிறான். தடுக்க வந்தவர்களையும் அடிக்கிறான். அவள் வாய் மூடியிருந்தால் பேய், திறந்தால் அடி. இக்காட்சியைக் கண்ட பின்னரும் ‘ஒன்றும் நடக்கவில்லை’ என ஒருவர் கூறுவாராயின், அவர் ‘நிகழ்ச்சி’ என்பதற்குக் கொண்டிருக்கும் இலக்கணத்தைத்தான் நாம் ஐயுற வேண்டும்.

இவ்விடத்தில் இன்னொன்றும் புலனாகும். படம் பேச வேண்டும், இசையால் உணர்த்த வேண்டும், இறுதியில் தீர்ப்புக் கூற வேண்டும் என்று வற்புறுத்துவோர், குடும்பம் மீனாவிடம் வேண்டுவதையே படத்திடம் வேண்டுகின்றனர். மறுபுறம், படத்தின் மௌனத்தைத் ‘தியானம்’ என்றும் ‘கவிதை’ என்றும் வியப்போர், ஒரு பெண்ணின் மறுப்பை அழகுப் பொருளாக மாற்றி அதன் கூர்மையை மழுக்குகின்றனர். பேய் ஓட்டுவதும் தெய்வமாக்கி அமர்த்துவதும் நம் மரபில் ஒன்றுக்கொன்று தொலைவானவை அல்ல.

திரையரங்கா, விழாவா?

இத்தகைய படத்தைத் திரையரங்கில் வெளியிட்டிருக்கலாகாது என்னும் கருத்துத் திரைத்துறைக்குள்ளிருந்தே எழுந்தது. அதில் ஓரளவு நியாயம் உண்டென்பதை மறைக்க வேண்டியதில்லை. ‘விடுதலை’ (2023), ‘கருடன்’ (2024) ஆகிய படங்களின் வழியே நாயகனாக அறியப்பட்டிருந்த சூரியின் பெயரையும், தயாரிப்பாளராகிய சிவகார்த்திகேயனின் பெயரையும் நம்பி வந்தவர்கள் வேறொன்றை எதிர்பார்த்திருப்பர். உழைத்து ஈட்டிய பணத்தில் சீட்டு வாங்கியவரின் ஏமாற்றத்தை ‘ரசனைக் குறைவு’ என ஏளனம் செய்வது அறிவாளர்க்கு அழகன்று. அத்துடன் அது உண்மையும் அன்று. மாடு வழிமறித்தால் ஊர்தி நிற்கும், சிறுமி ஒருத்தி வந்து பிடித்தால் மாடு போகும் என்பதெல்லாம் கிராமத்துப் பார்வையாளருக்கு எவரும் விளக்க வேண்டியவை அல்ல. படத்தின் உலகத்தை மிக நன்கு அறிந்தவர் அவரே.

ஆயினும், வெளியிட்டிருக்கலாகாது என்னும் முடிவு இதிலிருந்து பெறப்படாது. வினோத்ராஜின் முதற்படமாகிய ‘கூழாங்கல்’ 2021இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது பெற்றது. அவ்வாண்டு ஆஸ்கருக்கு இந்தியாவின் பரிந்துரையாகவும் அமைந்தது. ஆனால் தமிழ்ப் பார்வையாளரிடம் அது 2023 அக்டோபரில் இணையத்தளம் வழியாகத்தான் வந்து சேர்ந்தது. மதுரை வட்டாரத்து வறண்ட நிலத்தைக் காட்டிய படத்தை அந்நிலத்து மக்கள் திரையரங்கில் கூடியிருந்து பார்க்கும் வாய்ப்பைப் பெறவில்லை. இதனை இயல்பான நிலை எனக் கொண்டால், தமிழரைப் பற்றிய படங்கள் ஐரோப்பியருக்கும், தமிழரை மகிழ்விக்கும் படங்கள் தமிழருக்கும் என்று ஒரு பங்கீட்டை நாமே ஒப்புக்கொண்டவராவோம். ஜெயகாந்தன் தம் கதையைத் தாமே இயக்கிய ‘உன்னைப்போல் ஒருவன்’ (1965) தேசிய அளவில் நற்சான்று பெற்றும் வணிக அளவில் தோல்வியுற்றது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாக அதே விவாதத்தை அதே சொற்களில் நாம் நடத்திவருகிறோம்.

பெங்களூரிலிருந்து ஒரு பார்வை

கன்னட நாட்டுத் தலைநகரில் இருந்து தமிழ் கற்பிப்பவருக்கு ஓர் ஒப்பீடு தவிர்க்க இயலாதது. 1970இல் பட்டாபிராம ரெட்டி, யு. ஆர். அனந்தமூர்த்தியின் நாவலைத் தழுவி ‘சம்ஸ்காரா’வை எடுத்தார். அக்கிரகாரத்தில் ஒழுக்கம் துறந்த ஒருவன் இறந்துகிடக்கிறான். அவனுக்கு ஈமக்கடன் செய்வது யார் என்னும் வினாவே படம். அதுவும் ஆரவாரமற்ற, மெதுவான படமே. முதலில் தணிக்கைத் தடைக்கு உள்ளாகி, பின்னர் வெளிவந்து, சிறந்த படத்திற்கான தேசிய விருதைப் பெற்றது. நாம் கவனிக்க வேண்டுவது, அப்படம் எழுப்பிய பூசல் அதன் சாதி விமரிசனத்தைப் பற்றியதாக இருந்தது என்பதை. ‘இப்படி ஒரு சமூகத்தைக் காட்டலாமா’ என்பதே எதிர்ப்பாளர் வினா. எதிர்த்தவர்கள்கூடப் படம் எதைப் பற்றியது என்பதைச் சரியாகவே புரிந்துகொண்டு எதிர்த்தனர்.

1977இல் கிரீஷ் காசரவள்ளி, அனந்தமூர்த்தியின் சிறுகதையிலிருந்து ‘கடஸ்ராத்த’த்தை உருவாக்கினார். கருவுற்ற இளம் கைம்பெண் ஒருத்திக்கு அவள் தந்தையே, உயிரோடிருக்கும்போதே, இறந்தார்க்குரிய சடங்கைச் செய்து விலக்குகிறார். இப்படமும் தேசிய விருது பெற்றது. அண்மையில் மீட்டெடுக்கப்பட்ட இதன் படி, ‘கொட்டுக்காளி’ வெளிவந்த அதே 2024இல் வெனிஸ் விழாவில் திரையிடப்பட்டது. இரு படங்களிலும் பெண்ணின் உடல்மீது சடங்கு நிகழ்த்தப்படுகிறது. இரு படங்களிலும் அதற்கு ஒரு சாட்சி உண்டு. கன்னடப் படத்தில் அச்சாட்சி, அப்பெண்மீது அன்பு கொண்ட சிறுவன். தமிழ்ப் படத்தில் அச்சாட்சி, அவளை அடித்து இழுத்துவரும் பாண்டியே. சாமியாடி வேறொரு பெண்ணுக்குச் செய்யும் சடங்கையும், அதன் பெயரால் அவள் உடல் தீண்டப்படுவதையும் அவன் காண்கிறான், கலங்குகிறான், படம் அங்கே நின்றுவிடுகிறது.

கன்னடச் சூழலைப் பொற்காலமாகக் காட்டுவது என் நோக்கமன்று. விருது பெற்றும் பரவலாகத் திரையரங்கு காணாத படங்கள் அங்கும் பல. ஆயினும் அங்கே நவ்ய இலக்கியமும், 1971இல் பெங்களூரில் தொடங்கப்பெற்ற சுசித்ரா போன்ற திரைப்படச் சங்கங்களும் விவாதத்திற்கு ஒரு மொழியைத் தந்தன. அதனால்தான் 2016இல் கர்நாடகத் திரையரங்குகளுக்கு வந்த ராம் ரெட்டியின் ‘திதி’, நடிப்பனுபவம் இல்லாத மண்டியா மாவட்டத்து ஊர்மக்களைக் கொண்டு எடுக்கப்பட்டிருந்தும், ‘இது விழாப் படம்’ என்று ஒதுக்கப்படாமல் வரவேற்கப்பட்டது. பார்வையாளர் பிறப்பதில்லை, உருவாக்கப்படுகின்றனர். தமிழில் அவ்வுருவாக்கத்தில் நமக்குரிய பங்கை நாம் ஆற்றவில்லை. நடையைப் பற்றிய விவாதம் சாதியைப் பற்றிய விவாதத்திற்கு மாற்றாக வந்தமர்ந்தபோது, ஆய்வுலகமும் அதில் சேர்ந்துகொண்டது.

வெறியாட்டும் அறத்தொடு நிற்றலும்

இனி நம் தரப்பை நோக்குவோம். இப்படத்திற்குச் சங்க இலக்கியத்தில் ஓர் இணை உண்டு. அது உள்ளுறையன்று, வெறியாட்டு. களவொழுக்கத்தில் தலைவி மெலிகிறாள். காரணம் அறியாத தாய், முருகு அணங்கியதென எண்ணி வேலனை அழைக்கிறாள். மறி அறுக்கப்படுகிறது, வேலன் ஆடுகிறான். அப்போது தோழி பேசுகிறாள். குறுந்தொகை 362ஆம் பாடலில் அவள் வேலனையே மடக்கி, நீ இடும் பலியை இவளுக்கு நோய் தந்தவனுடைய மார்பும் உண்ணுமோ என வினவுகிறாள். நற்றிணை 34ஆம் பாடலில் இன்னும் துணிந்து, இது தன்னால் வந்த நோயன்று என அறிந்தும் வெறிக்களத்திற்கு வந்த முருகனையே அறியாமை உடையவன் என்கிறாள். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு முழுவதும் தோழி செவிலிக்கு உண்மையை எடுத்துரைக்கும் அறத்தொடு நிற்றலே.

இந்த இணையைக் காட்டி, ‘ஈராயிரம் ஆண்டு மரபு இன்றும் தொடர்கிறது’ என முடித்துவிடுவது எளிது. நானும் அவ்வாறே முடித்திருப்பேன். வகுப்பில் வெறியாட்டுத் துறையைப் பாடமாக நடத்தியபோது மாணவி ஒருவர், “தாய்க்குக் காரணம் முன்பே தெரிந்திருந்தால் வேலனை அழைத்திருப்பாளா?” என்று கேட்டார். அன்று என்னால் விடை கூற இயலவில்லை. ‘கொட்டுக்காளி’ அவ்வினாவிலிருந்துதான் தொடங்குகிறது.

சங்கப் பாடல்களில் வெறியாட்டு அறியாமையின் விளைவு. உண்மை வெளிப்பட்டால் வெறி நிற்கும். வரைவுக்கு வழி பிறக்கும். அங்கே உண்மைக்குக் கேட்கும் செவி உண்டென்னும் நம்பிக்கையில் தோழி பேசுகிறாள். மீனாவின் குடும்பத்திற்கோ உண்மை தெரியும். அவள் யாரை விரும்புகிறாள் என்பது தெரிந்தே சேவலின் காலைக் கட்டுகின்றனர். இங்கு விருப்பமே நோயாக அறிவிக்கப்படுகிறது. அறத்தொடு நிற்பதற்குத் தோழி ஒருத்தி வந்தாலும் அவள் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மீனா பேசாதிருப்பதன் காரணம் இதுவே.

தாய் அறிந்துவிட்ட நிலையையும் பழம்பாடல்கள் அறியும். நற்றிணை 149இல் அலர் கேட்ட அன்னை சிறுகோல் கொண்டு அடிக்கிறாள். தோழி உடன்போக்கை எண்ணுகிறாள். உடன்போன மகளைத் தேடிச் செல்லும் செவிலிக்குக் கலித்தொகை (9) வழியில் முக்கோற்பகவரைக் காட்டி, இது உலகியல்பே என ஆறுதல் கூறவைக்கிறது. இன்றைய தமிழகத்தில் அவ்வழி எங்குக் கொண்டுபோய் விடுகிறது என்பதற்கு 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில், பகலில், மக்கள் நடமாடும் தெருவில் வெட்டிக் கொல்லப்பட்ட சங்கரின் முடிவு ஒன்றே போதும். மரபின் தொடர்ச்சியைக் கொண்டாடும் ஆய்வாளர், இம்முறிவைக் காணாது விடுவாராயின், அவர் தம் புலமையால் செய்வது வேலன் செய்த வேலையே: காரணத்தை மறைத்துச் சடங்கை நடத்துதல்.

படம் குறையற்றது என்பதல்ல என் வாதம். முடிவில் நேரும் அதிர்ச்சி பாண்டிக்கு உரியதாகிறது. மீனாவின் துன்பம் ஓர் ஆணின் படிப்பினைக்குக் கருவியாகிவிடுகிறதோ என்னும் ஐயம் எழுகிறது. அவள் விரும்பியவனுடைய தரப்புக்குப் படத்தில் இடமே இல்லை என்பதும் எண்ணத்தக்கது. இவை கடுமையான வினாக்கள். விடை காணப்பட வேண்டியவை. ‘நடை மந்தம்’ என்னும் ஒற்றைக் குற்றச்சாட்டு இவ்வினாக்களை எழவொட்டாமல் தடுத்துவிட்டது என்பதே என் வருத்தம். படத்தை எதிர்ப்பவர் இவற்றைக் கேட்டு எதிர்த்திருந்தால் அது படத்திற்குச் செய்த மரியாதையாகியிருக்கும்.

முடிவுரை

‘கொட்டுக்காளி’ என்பது அடம்பிடிப்பவளைக் குறிக்கும் வழக்குச் சொல், வசைச் சொல். அவ்வசையைப் படம் தன் பெயராக ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதனை ‘மெதுவான படம்’ என்றோ ‘மேலான படம்’ என்றோ பெயர் மாற்றி அழைப்பது, அப்பெண்ணின் அடத்தை நாம் கேளாதிருப்பதற்குக் கண்ட வழியாகும். நம் துறைகள் செய்யத்தக்கது ஒன்றுண்டு. வெறியாட்டுப் பாடல்களைக் கற்பிக்கும் வகுப்பிலேயே இப்படத்தையும் திரையிட்டு, தாய் அறியாதபோது நிகழ்ந்த சடங்கையும் அறிந்தபின் நிகழும் சடங்கையும் அருகருகே வைத்துப் படிக்கலாம். இரண்டும் ஒன்றே என மாணவர் கூறுவாராயின் பாடல்களைப் பிழையாக நடத்தியவர்கள் நாம். வேறு வேறு எனக் கூறுவாராயின், அவ்வேறுபாட்டிற்குக் காரணம் எது எனக் கேட்க வேண்டும். அப்போது சாதி என்னும் சொல்லை வகுப்பறையில் உரக்கச் சொல்லியாக வேண்டும்.